மறுமொழி: ஆன்டி-ஸ்டேட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் – ‘மின்காப்புப் பட்டை’ பொருந்துமா?

வணக்கம். கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ஆன்டி-ஸ்டேட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப்புக்கு, அதாவது உடலில் சேரும் நிலைமின்னூட்டம் (ஸ்டேட்டிக்) பாகங்களைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டைக்கு, என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘மின்காப்புப் பட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாம். கையில் போடுவதும் காப்பு, காப்பதும் காப்பு. இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியைத் தாமே பிரித்துப் பழுதுபார்ப்பவர்களுக்கான கையேட்டில் இந்தச் சொல் வேண்டாம் என்பேன். மின்னியலில் காப்பு என்றால் மின்சாரத்தைக் கடத்தாமல் தடுப்பது. கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறைதான் மின்காப்பு. மணிக்கட்டுப் பட்டை செய்வது நேரெதிர் வேலை. உடலில் சேர்ந்த மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்துகிறது. பெயரை மட்டும் பார்ப்பவர், ரப்பர் கையுறை மாதிரி இதுவும் ஷாக்கிலிருந்து காப்பாற்றும் என்று நம்பி, பிளக்கைப் பிடுங்காமலே உள்ளே கையை விட்டால்? பட்டை காப்பது நினைவகத்தையும் தாய்ப்பலகையையும்தான் (மதர்போர்டு), ஆளை அல்ல.

நல்ல பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை ஒன்று இருக்கும். தவறுதலாக 230 வோல்ட்டில் கை பட்டாலும், பட்டை வழியே தரைக்குப் போகும் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதற்காக மின்சாரம் ஓடும் கருவியில் இதைக் கட்டிக்கொண்டு வேலை செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய குழாய்த் திரைகளை (CRT மானிட்டர்) திறக்கும்போது பட்டையைக் கழற்றி வைப்பதே முறை. அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

> அப்படியானால் ‘மின்னிறக்கப் பட்டை’?

இதில் வேறு சிக்கல். சிப்பைக் கெடுப்பதே திடீர் மின்னிறக்கம்தான், அதாவது சேர்ந்த மின்னூட்டம் சட்டென்று பாய்வதுதான். விரல் நுனியில் சுரீரென்று நாம் உணரவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். சில பாகங்கள் 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகிவிடும். அதாவது நமக்குத் தெரியாமலே கெடுத்திருப்போம். கெடுதலின் பெயரையே அதைத் தடுக்கும் பொருளுக்கும் வைப்பானேன்? ‘மின்கசிவுப் பட்டை’யும் ஆகாது. மின்கசிவு என்றாலே தீ விபத்துச் செய்திதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: நிலைமின் வடிபட்டை. சேர்ந்ததை மெல்ல வடியவிடும் பட்டை. வடிகுழாய், வடிநிலம் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. வடிகட்டியோடு குழம்புமே என்று யாராவது கேட்கக்கூடும். வடிகட்டி எதையோ நிறுத்திவைக்கும், இது எதையும் நிறுத்தாது. ‘கட்டி’ இல்லாதவரை குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பேச்சில் எல்லோரும் ஸ்ட்ராப் என்றுதான் சொல்லப்போகிறார்கள், அது வேறு விஷயம்.

கெபாசிட்டருக்கு மின்தேக்கியை விட்டு வேறு சொல் தேட வேண்டாம். அந்தச் சொல்லிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிக்குள் (பவர் சப்ளை) இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிடுங்கிவிட்டு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிப்பது நல்ல பழக்கம்தான். தாய்ப்பலகைப் பக்கம் மிஞ்சியதை அது வடித்துவிடும். ஆனால் அதை நம்பி மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கக் கூடாது. கையேட்டில் ‘கவனமாகத் திறக்கவும்’ என்று இருப்பதை ‘திறக்க வேண்டாம், மாற்றிவிடவும்’ எனத் திருத்தக் கோருகிறேன்.

சொற்பட்டியலில் இப்படி இடலாம்:

நிலைமின் வடிபட்டை – உடலில் சேரும் நிலைமின்னூட்டத்தை மின்தடை வழியாகத் தரைக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டை. வெறும் தோலில் படும்படி, இறுக்கமாக அணிய வேண்டும். மின் அதிர்ச்சியிலிருந்து காக்காது.

இன்னொன்று. மடிக்கணினிப் பகுதியில் ‘ஊதிய மின்கலம்’ என்று வந்திருக்கிறது. வேகமாகப் படித்தால் சம்பளக் கணக்கு மாதிரி இருக்கிறது! ‘உப்பிய பேட்டரி’ என்றால் யாருக்கும் புரியும். அந்த வரியோடு ‘அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். இப்போது அது மூன்று பக்கம் தள்ளிக் கிடக்கிறது.