கேம்பஸ் சேஃப்டி ஆபீசருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? (அமெரிக்கா, எஃப்-1 மாணவர் விசா)

புதுமாணவன்:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறேன். நேற்று ராத்திரி ஆய்வகத்திலிருந்து சைக்கிளில் திரும்பும்போது, வளாகத்துக்குள் ஸ்டாப் பலகையில் நிற்கவில்லை என்று இரண்டு சேஃப்டி ஆபீசர்கள் நிறுத்தினார்கள். அந்தப் பலகையை மரக்கிளை பாதி மறைத்திருக்கிறது. ஐடி கேட்டார்கள், கொடுத்தேன். "பையைப் பார்க்கலாமா?" என்றார் ஒருவர். பயத்தில் திறந்து காட்டிவிட்டேன். அப்புறம் 40 டாலருக்கு ஒரு சைட்டேஷன் (விதிமீறல் சீட்டு) எழுதிக் கொடுத்தார்கள். துப்பாக்கி இல்லை, ஆனால் நெஞ்சில் பேட்ஜ் இருந்தது. இவர்கள் போலீஸா, காவலாளிகளா? விசாவுக்குப் பிரச்சினை வருமா? தூக்கமே இல்லை.

கிழக்குக்கரை:
தம்பி, முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், ஆஜராக வேண்டிய தேதி, மாநிலச் சட்டப் பிரிவு எண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நிஜ வழக்கு, அலட்சியப்படுத்தினால் வாரண்ட் வரைகூடப் போகலாம். இல்லையென்றால் கதையே வேறு.

புதுமாணவன்:
நீதிமன்றம் எதுவும் இல்லை அண்ணா. மேலே பல்கலைக்கழக விதி எண். கீழே "14 நாளுக்குள் கட்டவும், அல்லது போக்குவரத்து அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யவும்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

கிழக்குக்கரை:
நல்லது. அப்படியானால் இது உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான அபராதம். கட்டாமல் விட்டால் மாணவர் கணக்கில் ஏறும், அடுத்த பருவப் பதிவுக்கு ஹோல்டு (தடை) விழலாம்.

அவர்கள் போலீஸா என்பதைச் சட்டையை வைத்துச் சொல்ல முடியாது, துப்பாக்கியை வைத்தும் சொல்ல முடியாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சத்தியப்பிரமாணம் எடுத்த முழுப் போலீஸ்காரர்களே இருக்கிறார்கள். தனியாரிலும் சில மாநிலங்கள் அந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. மாசசூசெட்ஸில் பல்கலைக்கழக ஊழியர்களை மாநிலப் போலீஸே சிறப்பு அதிகாரிகளாக நியமிக்க முடியும். மற்ற இடங்களில் சேஃப்டி ஆபீசர் என்பவர் சீருடை போட்ட ஊழியர்தான். கைது என்று வந்தால் மாநிலச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் தரும் குறுகிய உரிமைக்கு மேல் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊர்ப் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும்.

உங்கள் இடத்தில் எப்படி என்று தெரிய ஒரு நேர்வழி இருக்கிறது. 1990-ல் வந்த கிளேரி சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் அக்டோபர் 1-க்குள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளேரி என்ற மாணவி கொல்லப்பட்ட பிறகு, அவருடைய பெற்றோர் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. வளாகப் பாதுகாப்பு ஊழியர்களின் அதிகாரம் என்ன, அவர்கள் கைது செய்யலாமா, உள்ளூர்ப் போலீஸோடு என்ன ஏற்பாடு என்றெல்லாம் அந்த அறிக்கையில் சொல்லியாக வேண்டும். குற்ற எண்ணிக்கை அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், எழுத்துப் பகுதியைப் படியுங்கள்.

ஆய்வகவாசி:
பை விஷயத்தையும் சொல்ல வேண்டும். "பார்க்கலாமா?" என்று கேட்டு நீங்கள் திறந்து காட்டினால் அது சம்மதம். அடுத்த முறை "இதற்கு நான் சம்மதிக்கவில்லை. நான் போகலாமா?" என்று நிதானமாகக் கேளுங்கள். ஆனால் கையால் தடுக்காதீர்கள், ஓடாதீர்கள். நியாயம் பேசுவதையெல்லாம் பிறகு எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல்: அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் தடுப்பது அரசின் சோதனையை. போலீஸ் அதிகாரம் இல்லாத தனியார் ஊழியரிடம் அது பெரும்பாலும் செல்லாது. அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேரும்போது ஒப்புக்கொண்ட மாணவர் நடத்தை விதியும் விடுதி ஒப்பந்தமும். ஐடி கேட்டால் காட்ட வேண்டும் என்று அநேகமாக அதில் இருக்கும்.

வழிப்போக்கன்:
அரசுப் பல்கலைக்கழக விடுதி அறையிலும் அப்படித்தானா?

ஆய்வகவாசி:
இல்லை. 1971-ல் அலபாமாவின் ட்ராய் ஸ்டேட் பல்கலைக்கழக வழக்கில், விடுதி விதியைக் காட்டி மாணவர் அறையில் போலீஸ் குற்ற ஆதாரம் தேடியது செல்லாது என்று ஐந்தாம் சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பராமரிப்புப் பார்வை வேறு, ஆதாரம் தேடுவது வேறு.

மீனாட்சி அக்கா:
தம்பி, விசா பற்றி நான் சொல்கிறேன். விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160 கேட்பது கைதும் தண்டனையும். வளாக அபராதம் இரண்டிலும் சேராது, அதனால் நிம்மதியாகத் தூங்குங்கள். நிஜமாகவே கைதானால், வழக்கு தள்ளுபடியானாலும் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அந்த நிலையில் ஊருக்கு விமானம் ஏறுமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்தே தீர வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் போலீஸுக்குப் பயப்படும் அளவுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்துக்குப் பயப்படுவதில்லை. அது சரியில்லை. சஸ்பெண்ட் செய்தால் செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தரவுத்தளம்) உள்ள உங்கள் பதிவே முடிவுக்கு வரலாம், அதோடு எஃப்-1 தகுதியும் போகும். அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள்.

புதுமாணவன்:
ரொம்ப நன்றி அக்கா. அறிக்கையைத் தேடி எடுத்தேன். "கைது செய்யும் அதிகாரம் இல்லை" என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. 40 டாலரைக் கட்டிவிட்டு விட்டுவிடலாமா?

கிழக்குக்கரை:
கட்டாதீர்கள். பல இடங்களில் கட்டினாலே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, அப்புறம் மேல்முறையீட்டை எடுக்க மாட்டார்கள். சைக்கிளில் வரும் திசையிலிருந்து, அதே இருட்டில், கிளை மறைக்கும் பலகையைப் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள். கிளையை வெட்டிவிடுவதற்குள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.