சட்டக் கோட்பாட்டுத் தாள் மும்பை வழக்கறிஞருக்கு எதற்கு?

மாட்டுங்கா வழக்கறிஞர்:
இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பு வழக்குகளை நடத்திவருகிறேன். என்னிடம் ஜூனியராக வரும் நம் பிள்ளைகளுக்கு சட்டம் என்பது ஆள்பவரின் கட்டளை என்னும் ஆஸ்டினின் கோட்பாடு தெரிகிறது. குடிசையில் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே தடை உத்தரவு கோரி மனு எழுதத் தெரியவில்லை. ஜூரிஸ்புரூடன்ஸ் என்னும் சட்டக் கோட்பாட்டை பார் கவுன்சில் கட்டாயப் பாடமாக வைத்திருப்பது வீண் என்பதே என் கருத்து. அந்த நேரத்தை மனு எழுதும் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

தாராவி மாணவி:
ஐயா, நீங்கள் சொல்லும் குறை உண்மைதான். ஆனால் இந்த வழக்குகளுக்கெல்லாம் தாயான, உச்ச நீதிமன்றத்தின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பையே பாருங்கள். 1981 ஜூலை மழையில் மும்பையின் நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டன. மனுதாரர்களில் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. குடிசையை இடித்து அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்பதும், வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார் என்பதும் தீர்ப்பிலேயே இருக்கின்றன. 1985இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31க்குப் பின் அவர்களை அகற்றலாம் என்றும் சொன்னது. இவ்விரண்டும் ஒரே தீர்ப்பில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று கேட்பதுதானே சட்டக் கோட்பாடு?

மாட்டுங்கா வழக்கறிஞர்:
இதில் புதிர் ஏதும் இல்லை, அம்மா. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சட்டம் வகுத்த முறைப்படி பறிக்கலாம். அந்த முறை நியாயமாக இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கு சொல்லிவிட்டது. மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, தெருவில் உள்ள ஆக்கிரமிப்பை நோட்டீஸ் இல்லாமலே அகற்ற இடம் தருகிறது. ஆனால் நோட்டீஸ் கொடுப்பதே பொதுவிதி, கொடுக்காதிருப்பது விதிவிலக்கு என்று 1985இல் நீதிமன்றம் பொருள் கொண்டது. அந்த ஒரு பத்தியை வைத்துப் பல குடும்பங்களுக்கு அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்குத் தீர்ப்பைப் படித்தால் போதும்.

செம்பூர் வாசகர்:
நீதிமன்றம் என்ன செய்யும் என்ற முன்கணிப்பே சட்டம் என்று 1897இல் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் சொன்னார். மூத்தவர் கடைப்பிடிப்பதும் ஒரு கோட்பாடுதான்.

தாராவி மாணவி:
அந்தப் பத்தி எப்படிப் பிறந்தது, ஐயா? 1950இல் கோபாலன் வழக்கில், சட்டமன்றம் வகுத்த முறை எதுவானாலும் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். 21ஆம் பிரிவில் ஓர் எழுத்தும் மாறாமல் 28 ஆண்டுகளில் அதன் பொருள் மாறியது. சட்டத்தையும் அறத்தையும் பிரித்துப் பார்க்கலாமா என்று 1958இல் சட்டக் கோட்பாட்டாளர்கள் ஹார்ட்டும் ஃபுல்லரும் வாதிட்ட கேள்வியைத் தொடாமல் அந்த மாற்றத்தை விளக்க முடியாது. இன்றைய நிலையையும் பாருங்கள். 2024 நவம்பர் 13 அன்று, இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம் போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தது. சேலத்துக்காரர் இருந்த இடமே விலக்கில் போய்விட்டது. இதை எந்த வாதத்தால் எதிர்ப்பீர்கள்?

மாட்டுங்கா வழக்கறிஞர்:
அந்த 15 நாள் அவருக்குக் கிடைக்காது. ஆனால் நோட்டீஸே வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. 2024 தீர்ப்பு இரண்டு நீதிபதிகளுடையது, 1985 தீர்ப்பு ஐவருடையது. ஆகவே 314ஆம் பிரிவுக்கு ஐவர் கொண்ட பொருள் அப்படியே நிற்கிறது என்று வாதிடுவேன், அது எடுபடும் என்றும் நம்புகிறேன். ஆனால் நோட்டீஸ் காலம் முடிந்த மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்விக்கு என் மனுவில் எழுத ஒரு சட்டப்பிரிவும் இல்லை; இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தை நான் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். தாளை நீக்க வேண்டாம். மனு எழுதப் பழகிய பிறகு, இறுதியாண்டில் வையுங்கள்.