செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்: விற்றவர் வீட்டில் ஓடியது, இங்கே டிஸ்ப்ளே வரவில்லை

மழைக்காகிதம்:

வணக்கம். போன சனிக்கிழமை ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினேன். இன்டெல் ஐ5 8400 பிராசஸர், 8 ஜிபி ராம் இரண்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. விற்றவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். எந்தக் குறையும் தெரியவில்லை. காரின் பின் சீட்டில் படுக்க வைத்து எடுத்து வந்தேன்.

வீட்டில் ஸ்விட்ச் போட்டால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மூன்று நான்கு நொடியில் அணைந்து, தானாகவே திரும்ப ஆன் ஆகிறது. இதையே விடாமல் செய்கிறது. மானிட்டரில் எதுவும் வரவில்லை, பீப் சத்தமும் இல்லை. ராமைக் கழற்றி, தங்க நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பார்த்தேன். பலனில்லை.

விற்றவரைக் கூப்பிட்டால், "என் கையை விட்டுப் போகும்போது ஓடியதே" என்கிறார். அதுவும் உண்மைதான். தங்கையின் படிப்புக்காக வாங்கியது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மதர்போர்டு போய்விட்டது, பிரித்துத் தனித்தனியாக விற்றுவிடு என்கிறான் நண்பன். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

கரித்துண்டு:

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டியிருக்கிறீர்களா, கிராபிக்ஸ் கார்டிலா? கார்டு இருக்கும்போது அதில்தான் மாட்ட வேண்டும். ஆனால் அணைந்து அணைந்து எரிகிறது என்கிறீர்கள், அது கேபிள் பிரச்சினை மாதிரித் தெரியவில்லை.

பழையபெட்டி:

தம்பி, பிரித்து விற்கிற யோசனையை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பதினோரு வருடமாகப் பழைய கணினிகளை வாங்கி, சரிசெய்து, விற்று வருகிறேன். புறப்பட்ட இடத்தில் ஓடி, வந்து சேர்ந்த இடத்தில் ஓடாத பெட்டி என்றால் நான் முதலில் தேடுவது எரிந்துபோன பொருளை அல்ல, இடம் விட்டு நகர்ந்த பொருளை. அணைந்து அணைந்து எரிவது, பெரும்பாலும் ராமைக் கண்டுபிடிக்க முடியாமல் போர்டு மறுபடி மறுபடி முயல்வதுதான்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 8400-இன் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரை நேராக மதர்போர்டில் மாட்டலாம். ஒரே ஒரு ராம் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லை என்றால் அதே ராமை அடுத்த ஸ்லாட்டில், அப்புறம் இன்னொரு ராமை அதேபோல. எந்த ராம், எந்த ஸ்லாட், என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் செய்தால் நாலாவது முறைக்குள் குழம்பிவிடும், எனக்கே இன்றும் குழம்பும்.

கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மழைக்காகிதம்:

அண்ணா, டிஸ்ப்ளே வந்துவிட்டது! ஆனால் பாதிதான். பிராசஸருக்குப் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 2-ஆம் ஸ்லாட்டில் எந்த ராமைப் போட்டாலும் ஓடுகிறது. 3, 4-இல் எதைப் போட்டாலும் பழைய கதைதான். ராம் இரண்டும் நல்லது என்றால் போர்டுதான் போய்விட்டதா? இன்னொன்று, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரையில்) பிராசஸர் சூடு 81 டிகிரி காட்டுகிறது.

பழையபெட்டி:

81 என்று சொன்னீர்களே, அதுதான் சாவி. பயாஸில் சும்மா நிற்கும்போது அவ்வளவு சூடு வரக்கூடாது. மேலே இருப்பது பெட்டியோடு வந்த வட்டமான இன்டெல் கூலரா? அதை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் போர்டில் பிடித்திருக்கும். டார்ச் அடித்து நான்கையும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒன்று மேலே எழும்பி நிற்கும் என்று நினைக்கிறேன்.

ராமை இயக்குவது பிராசஸர். இரண்டு ஸ்லாட்டுக்கு ஒரு சேனல், அதாவது ராமுக்குப் போகும் ஒரு பாதை என்று, இரண்டு சேனலுக்கான தொடர்பும் பிராசஸரின் அடியில் இருக்கும் ஊசிகள் வழியாகத்தான் போகிறது. இந்த வகைப் பிராசஸரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும். கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டால் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சில ஊசிகள் சரியாகத் தொடாமல் போகலாம். ஒரு சேனல் மட்டும் காணாமல் போவது அப்படித்தான்.

கூலரைக் கழற்றி, பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் காய்ந்த பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். கூலரின் பிளாஸ்டிக் ஊசிகளின் தலையில் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினால் விடுபடும், மாட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளாக இரண்டு இரண்டாக அழுத்துங்கள், 'க்ளிக்' என்று கேட்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல், கேபினெட்டின் பின்மூடியைத் திறந்து, நான்கும் போர்டைத் தாண்டி விரிந்து நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்த முறை பெட்டியைக் காரில் ஏற்றும்போது மதர்போர்டு தரைப்பக்கம் இருக்கும்படி படுக்க வையுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

மழைக்காகிதம்:

அண்ணா, கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் கீழ் இடது ஊசி ஒரு நெல்மணி அளவு மேலே நிற்பது தெரிந்தது. விரல் வைத்ததும் ஆடியது. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பாதி காய்ந்து வெடித்திருந்தது, மறுபாதி கூலரைத் தொட்ட அடையாளமே இல்லை. நீங்கள் சொன்னபடியே மாட்டினேன். 16 ஜிபியும் காட்டுகிறது, சூடு 37 டிகிரி. கார்டும் வேலை செய்கிறது. தங்கை இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டு விஷயம் பாக்கி. ஹார்ட் டிஸ்கை, டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' என்கிறது. சி5 என்ற வரியில் 10 என்று இருக்கிறது, ஓடிய நேரம் 31,000 மணி. எஸ்எஸ்டியே போதும் என்பதால் இதை விற்றுவிடலாமா? அப்புறம், அதில் விற்றவரின் குடும்பப் படங்கள் அப்படியே இருக்கின்றன.

பழையபெட்டி:

படித்ததும் சந்தோஷமாக இருந்தது தம்பி. படங்களை முதலில் பார்ப்போம். அவரைக் கூப்பிட்டு, வேண்டுமா என்று கேளுங்கள். அவரிடம் வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். வேண்டும் என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள், அந்த டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. சி5-இல் இருக்கும் 10 பத்து அல்ல. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், ஆகவே அது 16. பதினாறு இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கிறது. 31,000 மணி என்றால் இடைவிடாமல் மூன்றரை வருடம் சுற்றியிருக்கிறது.

படங்களை எடுத்த பிறகு முழு டிஸ்கையும் பூஜ்யத்தால் நிரப்புங்கள். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன் ஆல்' கட்டளை அதைச் செய்யும், 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்ற முடியாது, ஏனென்றால் விண்டோஸ் அதில்தான் இருக்கிறது. ஆகவே டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். வெறும் குயிக் ஃபார்மட் செய்து விற்பது, வீட்டைப் பூட்டாமல் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போவதுதான். யார் வேண்டுமானாலும் படங்களை மீட்டெடுக்கலாம்.

பூஜ்யத்தால் நிரப்பி முடித்ததும் சி5-ஐ மறுபடி பாருங்கள். அது பூஜ்யமாகி, 05 என்ற வரியும் (கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை) ஏறாமல் இருந்தால், இரண்டு எண்களையும் ஓடிய நேரத்தையும் படமெடுத்து விளம்பரத்திலேயே போட்டு விற்கலாம். 05 ஏறியிருந்தால் நானாக இருந்தால் விற்க மாட்டேன். வாங்குகிறவர் அதில் எதை வைப்பார் என்று நமக்குத் தெரியாது.

மழைக்காகிதம்:

கூப்பிட்டேன் அண்ணா. அவருடைய அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களாம், வேறு எங்கும் இல்லையாம். நாளைக் காலை பென் டிரைவோடு வருகிறார். மொத்தம் 212 படங்கள், 209 வந்துவிட்டன. மூன்று மட்டும் பாதியில் நின்று பிழை காட்டுகிறது. 'கிளீன் ஆல்' போடுவதற்கு முன் அந்த மூன்றையும் எடுக்க வழி இருக்கிறதா?

பழையபெட்டி:

இருக்கலாம். திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள், கேபிளைக் கழற்றி டிஸ்கை அப்படியே வையுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்ப வரும். இன்று இரவு படிப்படியாக எழுதி அனுப்புகிறேன். 1 டிபி காலியாக இருக்கும் இன்னொரு டிஸ்க் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.