வாழ்த்து அட்டைகளில் ராபின் பறவை இடம்பெறுவது ஏன்?

கேள்வி: பழைய ஆங்கிலேயக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைப் பார்த்து ஓவியம் பழகி வருகிறேன். செம்மார்பு ராபின் பறவை அலகில் கடிதத்தைக் கவ்வியபடி அவற்றில் அடிக்கடி வருவது ஏன்?

மறுமொழி 1: விக்டோரியா காலத்து பிரிட்டனில் தபால்காரர்கள் சிவப்புச் சீருடை அணிந்ததால் மக்கள் அவர்களை ‘ராபின்’ என்று அழைத்தனர், வாழ்த்தைக் கொண்டுவருபவரையே ஓவியர்கள் பறவையாக்கிவிட்டார்கள் (எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது).

மறுமொழி 2: வணிக முறையில் அச்சான முதல் அட்டையில் ராபின் இல்லை. 1843இல் பிரிட்டிஷ் அரசு அதிகாரி ஹென்றி கோல் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த அதன் நடுவில் ஒரு குடும்பம் மதுக்கிண்ணங்களை உயர்த்த, இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் அமைந்திருந்தன. குழந்தை மது அருந்துவதாகக் காட்டியது அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது.

கேள்வி கேட்டவர்: நன்றி. என் ராபினுக்கு ஒரு தபால் பையையும் மாட்டிவிடுகிறேன்.