மழையில் கலம்காரித் துணி காயவில்லை, மார்கழிக் கண்காட்சிக்குள் எப்படி முடிப்பது?

திண்ணைக்கலம்:
கும்பகோணம் பக்கம். வீட்டுக் கூடத்திலும் திண்ணையிலும்தான் வேலை, கலம் என்ற மூங்கில் எழுதுகோலால் துணியில் வரைவது. 48 அங்குல அகலக் காடா (வெளுக்காத பருத்தித்துணி) 20 மீட்டர் கஞ்சி எடுத்துத் தயாராக இருக்கிறது. மார்கழியில் தஞ்சாவூரில் கண்காட்சிக் கடை. நடுவில் மகளுக்குத் தலை தீபாவளி, மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள். மூன்று சிக்கல்:

கடுக்காய்ப்பாலில் நனைத்த முதல் துண்டு இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது, வாடையும் வந்துவிட்டது. அதில் கசிமிக் கோடு (இரும்பும் வெல்லமும் ஊறிய கருப்பு மை) போட்டால் ஓரம் பரவுகிறது.

படிகாரம் வைத்து அலசிச் சிவப்பில் கொதிக்கவைத்தால் பூவைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் கறை நிற்கிறது. ஆறு கலங்கலாகப் போவதால் தொட்டியில்தான் அலசல்.

கடைக்கு என்ன கொண்டுபோவது? தொம்பையும் (தேரில், கோவிலில் தொங்கும் உருளைத் துணி) வாசல்மாலையும் (வாசல் மேல் தொங்கும் துணித் தோரணம்) போதுமா, சின்னப் பொருளும் வேண்டுமா?

கடுக்காய்த்தோல்:
அக்கா, மழைக்காலத்தில் எத்தனை துண்டு வரையலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை தடவை காயவைக்கவேண்டும் என்று பாருங்கள். கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் நான்கும் வைத்தால் கஞ்சி எடுத்தது தொடங்கி நீலம் வரை ஏழெட்டு முறை முழுதாகக் காயவேண்டும். கருப்பு சிவப்போடு நிறுத்தினால் வெளுப்பதும் இரண்டாம் முறை பாலில் நனைப்பதும் இல்லை, காயவைப்பதில் பாதி மிச்சம். கண்காட்சிச் சரக்கில் பெரும்பகுதியை இரண்டு நிறத்திலேயே முடியுங்கள். கடுக்காயின் மங்கல் மஞ்சள் தரையில் அதுவே நிறைவாக இருக்கும்.

பால் விஷயம். ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்த்தூள், துணி முழுக நனையும் அளவு தண்ணீர் கலக்காத எருமைப்பால். பாலின் கொழுப்புதான் கோட்டைப் பரவாமல் பிடிக்கிறது. பாக்கெட் பால் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ளதை வாங்குங்கள். தூளை வஸ்திரகாயம் செய்யாமல் (துணியில் சலிக்காமல்) போட்டால் திப்பி துணியில் ஒட்டி, பிறகு அந்தப் புள்ளியில் கருப்பு திட்டாக நிற்கும்.

நனைத்ததை இருவர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழியவேண்டும். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் பால் கீழ் ஓரத்துக்கு இறங்கிவிடும், மேலே கோடு பரவும், கீழே கலம் வழுக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மடித்துப் போடாமல் ஒற்றையாக, இரண்டு ஓரத்திலும் கிளிப் மாட்டி, மின்விசிறிக்கு நேராகக் கட்டுங்கள். கூடத்துக்குள் விறகுப் புகை ஆகாது. வெயில் அடிக்கும் நாளில் மட்டும் நனையுங்கள், மூன்று நாளில் வரையக்கூடிய அளவுக்கு மேல் வேண்டாம். கஞ்சி எடுத்த துணி எவ்வளவு நாளும் இருக்கும், பால் துணி இருக்காது. வாடை வந்த அந்தத் துண்டை அலசிப் பையின் உள்துணிக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் கோடு ஏறாது.

வரையும் முன் மெல்லிய துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, மூலையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் கூராக நின்றால்தான் உள்ளே போகவேண்டும்.

சாயவேர்:
கசிமியையும் ஒருமுறை பாருங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வெல்லம், இரண்டு மூன்று கிலோ துருப்பிடித்த இரும்பு. சித்திரையில் இரண்டு வாரத்தில் பதமாகும், இந்தக் குளிரில் இன்னும் ஒரு வாரம் கேட்கும். நீர்த்த கசிமியும் பரவும். கடுக்காய்த் துணியில் தொட்டதும் சாம்பலாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கவேண்டும். கறுக்கவில்லை என்று மேலே மேலே பூசாதீர்கள். இரும்பு மிஞ்சினால் நாளடைவில் கோடு போன இடமே இற்றுவிடும். பழைய தொம்பைகளில் கருப்பு மட்டும் உதிர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இளஞ்சிவப்புக் கறை துணியில் பிடிக்காத படிகாரத்தால் வருவது. ஓடும் ஆற்றில் அது இழுத்துக்கொண்டு போய்விடும், தொட்டியில் பக்கத்து இடத்திலேயே படியும், பிறகு மஞ்சிட்டியில் (சிவப்புச் சாயம் தரும் வேர்) கொதிக்கும்போது அங்கும் சாயம் ஏறும். படிகாரம் வைத்தபின் குறைந்தது ஒரு முழு நாள் காயட்டும், மழையில் இரண்டு நாள். பிறகு நேரே பச்சைத்தண்ணீரில் போடவேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலான வெந்நீரில் இரண்டு மூன்று கை பசுஞ்சாணம் கரைத்து வடிகட்டி, துணியை ஒரே மூச்சில் முழுக்க அமிழ்த்தி, ஒரு தடியால் பத்து நிமிஷம் அசைத்துக்கொண்டே இருங்கள். அசைவு நின்றால் மடிப்பில் கறை நிற்கும். சாணம் உபரிப் படிகாரத்தைக் கட்டிவிடும். அப்புறம் மூன்று தொட்டி மாற்றி அலசல். வாய்க்காலில் தண்ணீர் தெளிந்தால் அதையே பயன்படுத்துங்கள். வழக்கமாக மேட்டூர் மூடும் ஜனவரி 28 வரை வரத்து இருக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வண்டல் ஜாஸ்தி. வண்டல் ஏறிய சிவப்பு செங்கல் நிறமாகிவிடும்.

பந்தக்கால்:
தலை தீபாவளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கூடத்தில் பட்சணம் சுடப்போகிறீர்கள் என்றால் துணி அங்கே இருக்கவே கூடாது. எண்ணெய்ப் பொட்டு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. அதைவிட மோசம் எலுமிச்சம்பழம்: பிழிந்த கையால் தொட்டால் கருப்பு கரைந்து விரல் ரேகையோடு வெளுத்துவிடும், திருப்பிக் கொண்டுவர முடியாது. வெற்றிலை மடிக்கும் கைச்சுண்ணாம்பும் படக்கூடாது. பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே ஈரவேலையை நிறுத்தி, காய்ந்ததை உருளையில் சுற்றி பீரோமேல் வைத்துவிடுங்கள். மடித்தால் மடிப்பில் பால்பூச்சு வெடிக்கும். அந்த வாரம் மாப்பிள்ளையைக் கவனியுங்கள், கசிமி பானையில் ஊறிக்கொண்டே இருக்கட்டும். உறவினர் உதவுகிறேன் என்றால் படிகாரம் நிரப்பக் கொடுக்கலாம், ஓரம் கட்டச் சொல்லலாம். கோடு மட்டும் ஒரே கையாக இருக்கவேண்டும்.

கடைச் சரக்கு: தொம்பையும் அஸ்மானகிரியும் (மேலே கட்டும் விதானத் துணி) அங்கே ரொக்கத்துக்கு விற்பது அபூர்வம். ஒரு தொம்பை, ஒரு வாசல்மாலை கண்ணுக்கு எதிரே தொங்கட்டும், அதைப் பார்த்துக் கோவில் திருப்பணிக்காரர்கள் ஆர்டர் தருவார்கள். பங்குனித் தேருக்கு வேண்டியவர்கள் மார்கழியில்தான் விசாரிக்க ஆரம்பிப்பார்கள். முன்பணம் பாதி வாங்காமல் துணி கிழிக்காதீர்கள்.

கையில் காசாவது சின்னதுதான். 48 அங்குலக் காடா நனைந்து காய்ந்தால் ஏறக்குறைய 46. அதில் 17 அங்குலச் சதுரம் இரண்டு, மீதி 12 அங்குலப் பட்டை. சுருங்கிய துணியில் ஒன்றரை கெஜம், அதாவது 54 அங்குலம் எடுத்தால் 16 அங்குல மெத்தை உறைக்கு ஆறு முகப்பும், மேசை விரிப்புக்கு 54 அங்குலப் பட்டை ஒன்றும் அதிகக் கழிவில்லாமல் வரும். வெட்டிவிட்டு வரையாதீர்கள். முழு நீளத்தில் வரைந்து, ஒரே அண்டாவில் சாயமேற்றி, கடைசியில் வெட்டினால்தான் ஆறும் ஒரே சிவப்பாக இருக்கும்.

திண்ணைக்கலம்:
பால் கீழே இறங்குவது சரிதான், பரவியது எல்லாம் மேல்பாதியில்தான். இன்னொன்று: கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த முத்திரையைச் சீட்டில் போடலாமா?

சாயவேர்:
பதிவுபெற்ற பயனாளராக உங்கள் பெயர் இருந்தால்தான் போடலாம். ஊருக்குள் இருப்பதால் மட்டும் உரிமை வராது. விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை சீட்டில் "கலத்தால் வரைந்தது, கடுக்காய், இரும்பு, மஞ்சிட்டி" என்று எழுதுங்கள். அச்சுக்கட்டையில் ஓரம் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கீழே ஒரு வரி: முதல் அலசல் தனியாக, பூந்திக்கொட்டைத் தண்ணீரில், நிழலில் காயவைக்கவும், எலுமிச்சை வாசனைச் சோப்புத்தூள் வேண்டாம்.