கோல்டன் கேட் பூங்காவில் அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

நண்பர்களே, சான் பிரான்சிஸ்கோவில் இந்தப் பூங்காவில் நடக்கும் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ் இசை விழாவுக்குப் போய்ப் பழகியவர்கள் எனக்கு வழி சொல்ல வேண்டும்.

பாடகர் ஸ்டீவ் ஏர்லின் பெயர் விழாவில் பாடுபவர்கள் பட்டியலில் வந்ததும் அப்பாவை அழைத்துப் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆல்ட்-கன்ட்ரியில் (ராக் கலந்த அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) 1986 முதல் ஆல்பங்கள் போட்டுவரும் மனிதர். இசைக்குழுவோடு பாடும்போது அதன் வேகம் தனி. ஆனால் தனியாக நிற்கும்போதுதான் அவர் முழுதாகத் தெரிகிறார். ஒருமுறை நேரில் பார்த்தேன்: கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவில் உதட்டை வைப்பதற்கு முன் அவர் இழுத்த மூச்சு மைக்கில் கேட்டது. மகன் ஜஸ்டின் டவுன்ஸ் ஏர்ல் 2020-இல் இறந்த பிறகு, அவருடைய பாடல்களையே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டவர் இவர். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா இவரை விடுவதே இல்லை.

அப்பாவுக்கு 74 வயது, மூட்டுவலி. அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் நெரியும், காரை நிறுத்த இடம் கிடைக்காது. ஃபுல்டன் தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் விழா மேடை இருக்கும் ஹெல்மன் ஹாலோ புல்வெளிக்குச் சரிவு குறைந்த பாதை எது? மடக்கு நாற்காலியை எங்கே போட்டால் முன்னால் நிற்பவர்கள் மறைக்கமாட்டார்கள்? பக்கத்து மேடையின் சத்தம் வந்து விழாத இடம் வேண்டும். ஒற்றைக் கிதாரை டிரம்ஸ் சத்தம் விழுங்கிவிடும். கழிப்பறையும் அருகில் இருந்தால் நல்லது.

மாலையில் கடல் பக்கமிருந்து குளிர் ஏறும், அதற்குக் கம்பளி எடுத்துவைத்துவிட்டேன். பெரியவர்களோடு போய்வந்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.