புதுப்பிப்பு: காருக்கு ஸ்ப்ரே வேக்ஸ் (தெளித்துத் துடைக்கும் மெழுகு) அடித்தபின் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா?

முந்தைய பதிவில் ஒரு கதவுக்கு 4 முறை அடிக்கச் சொல்லியிருந்தேன். அது அதிகம், திருத்திக்கொள்ளுங்கள். கதவுக்கு 2 போதும். பானெட்டை இரண்டாகப் பிரித்துப் பாதிக்கு 2.

திட்டு விழுவதற்கு முதல் காரணம் சூடு. பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் அன்று வேண்டாம். சூட்டில் ஈரம் உடனே ஆவியாகி, துடைப்பதற்குள் மெழுகு கோடு கோடாக ஒட்டிக்கொள்ளும். நிழலில், கழுவித் துடைத்த பெயின்ட்டில், மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அதனால் மெழுகைப் பரப்புங்கள். காயவிடாமல் வேறொரு உலர்ந்த துணியால் உடனே துடையுங்கள். துணி நனைந்ததும் மடிப்பை மாற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு அதே இடத்தில் ஒருமுறை லேசாக அடித்து உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

போர் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகள் மேல் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், கறை அடியிலேயே தங்கிவிடும். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமமாகக் கலந்து துடைத்து, நன்றாகக் கழுவிய பிறகு வேக்ஸ். முன்கண்ணாடியில் பட்டால் வைப்பர் இழுபடும். பிரேக் டிஸ்க் பக்கம் அடிக்கவே கூடாது. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்டுக்கு இது ஆகாது.